மாவு இடிக்க வந்தவள்

என் மகன் பிறந்து ஐம்பது நாள்கூட ஆகாதபோது எனக்கு டைபாய்டு வந்தது. தென்காசியில் அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. எனக்கு இருபது வயசு, முதல் பிள்ளை. என் தாயார் நான் பாவாடை கட்டுகிற வயசிலேயே போய்விட்டாள். அதனால் பிள்ளையைப் பார்க்கச் சொந்தத்தில் ஆள் இல்லை. சம்பளத்துக்கு ஒருத்தி வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, இருபத்தொரு நாளாவது படுக்கை, பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

பசும்பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிச் சங்கில் புகட்டினார்கள். குடித்ததையெல்லாம் கக்கினான். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் அவனுக்கு அழவும் தெம்பில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு கிடந்தான். காய்ச்சல் வேகத்தில் எனக்குப் பகல் எது ராத்திரி எது என்று தெரியாது. ஆனால் அந்த முனகல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஒரே கிணறுதான். கிணற்றின் குறுக்கே நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு சுவர் ஓடும். பாதிக் கிணறு அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு கயிறு. இங்கே தண்ணீர் இறைத்தால் எங்கள் கப்பி கீச்சிடுவது அந்த வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் கேட்கும். பின்வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். அந்த வீட்டு மனிதருக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வருவார். அவர் மனைவி என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னைத் தங்கச்சி என்பாள். கிணற்றடிப் பேச்சோடு சரி, ஒருத்தி வீட்டுக்குள் ஒருத்தி போனதில்லை. அவளுக்கு அப்போது ஐந்து மாதப் பெண் குழந்தை இருந்தது.

முனகல் அவளுக்கும் கேட்டிருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் பின்வாசல் வழியாக நேரே என் கட்டிலண்டை வந்து நின்றாள்.

"பிள்ளைய இங்கன தா, தங்கச்சி. ரெண்டு பேருக்கும் பத்துத அளவுக்கு எனக்குப் பால் இருக்கு."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். நாங்கள் சைவ வீடு. முட்டை வாசம்கூட உள்ளே வரக்கூடாது என்று வளர்ந்தவர்கள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, குனிந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. நான் செத்துப்போய்விட்டானோ என்று பயந்து அலறினேன். பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற வேலைக்காரி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்றாள்.

காய்ச்சல் விட்டபோது என் பால் வற்றிப்போயிருந்தது. எட்டு மாதம் அவள்தான் கொடுத்தாள். பொழுது விடிந்ததும் சுவருக்கு மேலே பிள்ளையை நீட்டுவேன், அவள் வாங்கிக்கொள்வாள். பொழுது அடைகையில் அவள் நீட்டுவாள், நான் வாங்கிக்கொள்வேன். அந்த மாதங்களில் அவள் கவிச்சியைத் தொடவில்லை. இதை அவளே ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டே சிரித்துச் சொன்னாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு அந்த வாடை என்று விட்டுவிட்டாளாம். ஆனால் தெருவில் மீன்காரி கூவும்போது மட்டும் வாய் ஊறுகிறதாம். இது எனக்குத் தெரியும் என்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் சொன்னாள். ஒரே மாரில் குடித்த பிள்ளைகள் அவர்கள் வழக்கப்படி கூடப்பிறந்தவர்களே. இவன் அவள் மகளுக்குத் தம்பி. பால்குடித் தம்பி. நாளைக்கு இவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சு வரவே முடியாது. நான் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்: வந்துவிடப் போகிறதாக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவர், இது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாக மதுரையில் இருக்கிற என் அக்காவுக்கு, என்றார். சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பையன் பேச ஆரம்பித்தபோது என்னை அம்மா என்றும் அவளை உம்மா என்றும் கூப்பிட்டான். அவள் மகள் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது. அவள் அவனை வாப்பா என்று கொஞ்சுவாள், பெற்ற பிள்ளையை அவர்கள் அப்படித்தான் கொஞ்சுவார்கள். நோன்பு மாதத்தில் அவனுக்கென்று கறி சேர்க்காத கஞ்சி ஒரு சின்னத் தூக்கில் சுவரேறி வரும். எனக்கு அதிலெல்லாம் குறையில்லை. வீட்டுக்குள் எத்தனை உம்மா வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளை அத்தை என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலு வயசுப் பிள்ளைக்கு எது வீடு, எது நாலு பேர் என்று புரியுமா? மறந்தால் தொடையில் கிள்ளுவேன். அதே பிள்ளை வெல்லத்தைத் தின்றுவிட்டு இல்லை என்று சொன்னதற்கு, பொய் சொல்வாயா என்று விசிறிக் காம்பால் அடித்தவளும் நான்தான்.

அவனுக்கு ஐந்து நடக்கும்போது, ஆனி மாதம், என் நாத்தனார் மதுரையிலிருந்து சீசனுக்கு வந்தாள். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாயாரையும் குளிக்கக் கூட்டிவந்து, குற்றாலத்திலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். எங்கள் வீடு சின்னது என்று அங்கே தங்கவில்லை. நாங்கள்தான் ஒருநாள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு குதிரை வண்டியில் போனோம். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, பல் கிட்ட, ஈரத்துணியோடு வந்து நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் நல்ல கண்டிப்பான அம்மாள். வந்ததிலிருந்து, நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போவோம், யார் வீட்டில் கை நனைப்போம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒவ்வொன்றுக்கும் என்னைவிட வேகமாகப் பதில் சொன்னாள்.

அப்போது என் பையன் "உம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

அவளும் மகளோடு குளிக்க வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியபடி கூட்டத்தில் வந்துகொண்டிருந்தவள், அவன் நடுங்குவதைப் பார்த்ததும் உட்கார்ந்து, துப்பட்டி முனையால் அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். என்னிடம் அவன் அப்படி ஒட்டியதில்லை. அதுவும் அந்த நேரத்தில் எனக்குள் எங்கோ சுருக்கென்று குத்தியது. முழுப் பழியையும் மாப்பிள்ளையின் தாயார் மேல் போட்டுவிட நான் விரும்பவில்லை.

"யாரு அது? பிள்ளை உம்மாங்கானே?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது.

நான் சொன்னேன்: "எங்க வீட்டுக்கு மாவு இடிக்க வருவா. அவ பிள்ளை கூப்பிடுததைப் பார்த்து இவனும் கூப்பிடுதான்."

நாலடி தூரம்தான். அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பல வருஷம் என்னை ஏமாற்றிக்கொள்ள முயன்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து பட்டும் பவுனும் வருகிற வீட்டுக்காரி, காது மடல் முழுக்கப் பொன் போட்டவள், துப்பட்டியைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா, மாவு இடிக்கத்தான் போவேன்," என்றாள். "பச்சப்பிள்ளை, தெரியாமக் கூப்பிடுதான்." பிறகு அவன் கைகளைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, "போங்கய்யா, உங்க அம்மைகிட்டப் போங்க," என்றாள்.

அவள் அவனை அதற்கு முன் போங்க என்று சொன்னதே இல்லை.

திரும்பும்போது வண்டியில் பையன் கேட்டான், உம்மா எப்பம்மா நம்ம வீட்டுல மாவு இடிச்சா என்று. கணவர் என்னைப் பார்த்தார். அவர் ஆண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் தெரியாது. பேசாமல் வா என்று பையனை அதட்டினேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் பொருந்தவில்லையாம். அதற்காகத்தான் அவ்வளவும்.

மறுநாள் காலை கிணற்றடிக்குப் போகவே கால் வரவில்லை. மத்தியானம் வரை குடத்தில் இருந்த தண்ணீரை வைத்து ஒப்பேற்றினேன். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், ஆறியிருக்கும். அவள் வழக்கம்போல, தண்ணீர் இறைத்தாச்சா என்றுதான் கேட்டாள். தங்கச்சி என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. பையனிடம் ஒரு குறையும் வைக்கவில்லை, நோன்புக் கஞ்சித் தூக்கு வருஷா வருஷம் வந்தது. சுவரில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மன்னிப்புக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. தினமும் இரண்டு வேளை அதே கிணற்றில் அவளோடு நின்று தண்ணீர் இறைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கொஞ்ச காலம் போனதும், பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அவள் மகள் பெரியவளானதும் அவர்கள் வழக்கப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். சொந்தக்காரப் பையன்கள்கூட முன்கட்டோடு நின்றுவிடுவார்கள். என் மகன் மட்டும் அடுப்பங்கரை வரைக்கும் போய்வருவான். மீசை அரும்புகிற வயசு, இனிமேல் போகாதே, அவர்கள் வீட்டு ஆண்கள் ஏதாவது சொல்வார்கள் என்று தடுத்துப் பார்த்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லையே என்றான். அவள் அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அவனுக்குப் பதினாறு வயசில், அந்தப் பெண்ணைப் பார்க்கக் கடையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். காலையிலேயே என் மகன் அங்கே போய்விட்டான். நான் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களைப் பின்கட்டில் பாய் விரித்து உட்கார வைத்திருந்தாள். சுவருக்கு மேலே எனக்கு எல்லாம் தெரிந்தது. என் மகன் தட்டில் சர்பத் டம்ளர்களை வைத்து எடுத்துவந்தான். பெண் முக்காட்டை இழுத்துவிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் டம்ளரை எடுக்கவில்லை. கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற இடத்தில் இந்தப் பையன் யார் என்று கேட்டாள்.

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கப்பிச் சத்தமும் நின்றது.

"நான் பால் கொடுத்த பிள்ளை," என்றாள் அவள். குரலைத் தாழ்த்தவில்லை. "பின்வீட்டுப் பிள்ளை, வேற சாதி. இவளுக்குப் பால்குடித் தம்பி. நாளைக்கு உங்க வீட்டுக்கும் அக்காளப் பாக்க வருவான், வாசல்ல நிறுத்தக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா மேல பேசுவோம்."

இப்படித்தான் அவள் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். என் மகன் தட்டோடு அப்படியே நின்றான். பிறகு மாப்பிள்ளையின் தாயார் ஒரு டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். இந்தப் பிள்ளையைப் பெற்றவளையும் பார்க்க வேண்டும், கூப்பிடுங்களேன் என்றாள்.

இரண்டே எட்டு வைத்தால் போதும். சுவர் ஓரமாகப் போய், நான்தான் என்று சொல்லியிருந்தால் போதும். என்ன செய்தேன் தெரியுமா? குனிந்துகொண்டேன். முப்பத்தாறு வயசுப் பொம்பிளை, நனைந்த சேலையோடு, கிணற்றுச் சுவருக்குக் கீழே கோழி மாதிரிக் குந்தி உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாருக்காகவும் இல்லை. என் வீட்டுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. அந்தப் பெண்கள் முன்னால் அவள் என் முகத்தைப் பார்ப்பாளே, அதற்குத்தான் பயந்தேன்.

அவள் சுவர்ப்பக்கம் நடந்து வருவது கேட்டது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, கயிற்று நுனி என் கையில் இருந்தது. அதைப் பார்த்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று எவருக்கும் தெரிந்துவிடும். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

"வீட்டுல இல்ல போலுக்கு," என்று அவர்களிடம் சொன்னாள்.

மத்தியானம் என் மகன் வந்து, நீ கிணற்றடியில்தானே இருந்தாய் என்று கேட்டான். இல்லை, கடைக்குப் போயிருந்தேன் என்றேன். ஈரச் சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, கை கழுவிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான்.

கடையத்திலேயே பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. அதற்கு அடுத்த வருஷம் அவள் கணவர் அவளையும் கொழும்புக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவள் படிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவள் ஒருநாளும் மாவு இடித்ததில்லை. என் மகனுக்கு எட்டு மாதம் பால் கொடுத்தாள்.