மகளுக்குப் பதிலாக ராட்டினத்தில்

என் மகளுக்குத் தசை கரைந்துகொண்டே போகிற வருத்தம். முதலில் கால் போனது. இப்போது கையில் வந்து நிற்கிறது. அடுத்த வருசம் கை எப்படி இருக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மருந்து எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனையைப் பறித்து எறிந்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் துறைமுகப் பக்கத்து மைதானத்தில் கார்னிவல் வந்து இறங்கியது. உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். என்ன பிரயோசனம்? அவளை வைத்துத் தள்ளுகிற சில்லுக்கதிரை மணலில் புதைந்துவிடும். அவளுடைய யன்னலில் தெரிவது பக்கத்து வீட்டு மதில் மட்டும்தான்.

"பெரிய ராட்டினத்தில ஏறினா துறைமுகம் முழுக்கத் தெரியுமாம் அம்மா. அங்கால சம்பூர்க் கரையும் தெரியுமாம்," என்றாள். சம்பூர் நான் பிறந்த ஊர். இடம்பெயர்ந்து வந்தபின் நான் வாய் ஓயாமல் கதைக்கிற ஊர். அவள் பதினான்கு வயதில் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

முதலில் நான் தனியாகப் போய் விசாரித்தேன். ராட்டினத்தை ஓட்டுகிறவர் கிண்ணியாக்காரர், நல்ல மனுசன். "நடக்க ஏலாட்டிப் பரவாயில்ல அக்கா, தூக்கி வச்சிரலாம். ஆனா பெட்டிக்கு முன்னால இருக்கிற கம்பிய அவ தன்ட கையால புடிக்கோணும். அதில்லாம ஏத்த ஏலாது," என்றார்.

"நான் பக்கத்தில இருந்து பிடிக்கிறன் தம்பி."

"பெட்டி ஆடக்குள்ள நீங்க உங்களப் புடிப்பீங்களா, அவவப் புடிப்பீங்களா?"

வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியைக் குறுக்கே நீட்டிப் பிடிக்கச் சொல்லிப் பழக்கினேன். காலையில் உடும்புப் பிடி பிடிப்பாள். பின்னேரமானால் அதே விரல்கள் மடங்கவே மடங்காது. கார்னிவலோ பின்னேரம்தான் தொடங்கும். காலையில் ஒருதரம் சுற்றிவிடுங்கோ என்று திரும்பவும் போய்க் கெஞ்சினேன். முதலாளி அந்த நேரத்தில் ஜெனரேற்றர் போட விடமாட்டார் என்றார் அவர்.

அப்படியென்றால் கையைப் பின்னேரம் வரை மிச்சம் பிடித்து வைப்போம் என்று யோசித்தேன். போகிற அன்று அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. சோற்றை நான் ஊட்டினேன். தலை கடித்தால் நான் சொறிந்தேன். "மூச்சாவது நான் விடலாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மைதானத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. கணவர் அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் இருத்தினார். அவள் கம்பியைப் பிடித்தாள். ஓட்டுகிறவர் பெட்டியை மெதுவாக ஆட்டினார். கை வழுகியது.

"இன்னொருக்காப் பாப்பம் தங்கச்சி."

திரும்பவும் வழுகியது. பின்னால் வரிசையில் நின்ற சனம் முணுமுணுத்தது. நான் என் சால்வையை உருவி அவளுடைய மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். வீட்டில் கதிரையிலிருந்து சரியாமல் அப்படித்தான் சேலையால் கட்டி வைப்பேன். அதில் என்ன பிழை என்று அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை.

"கட்டினா அவசரத்துக்கு இறக்க ஏலாது அக்கா." அவர் முடிச்சை அவிழ்த்தார். நான் திரும்பக் கட்டினேன். அவர் திரும்ப அவிழ்த்தார். "அடுத்த வருசம் இந்தக் கையும் இருக்காது தம்பி!" என்று கத்திவிட்டேன். என்ட கடவுளே, அவளுக்கு முன்னாலேயே கத்தினேன். அந்த மனுசன் கண்ணைத் துடைத்தார். ஆனாலும் ஏற்றவில்லை.

மகள்தான் சொன்னாள். "அம்மா, நீங்கள் ஏறுங்கோ. பார்த்துப்போட்டு வந்து எனக்கு வடிவாச் சொல்லுங்கோ. அப்பாவை ஏத்தினா 'நல்லாயிருந்தது' எண்டு மட்டும்தான் சொல்லுவார்."

ஏறினேன். ராட்டினம் உயர உயர நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். களைத்துப்போனால் அவளுடைய தலையும் தானாக நிமிராது. கணவர் கதிரைக்குப் பின்னால் நின்று நாடியைப் பிடித்து உயர்த்தியிருந்தார், நான் போகிற உயரத்தை அவள் பார்க்கட்டும் என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கை இரண்டும் நன்றாகத்தான் பிடித்தன.

இறங்கி வந்ததும் கேட்டாள். "சம்பூர் தெரிஞ்சதா? கப்பல் நிண்டதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான் பிள்ளை."

அவளுடைய முகம் சுருங்கியது. "என்னைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறீங்கள் அம்மா. அதுக்கா உங்களை ஏத்தினனான்?"

திரும்பவும் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்து மேலே போனபோது நன்றாக இருட்டிவிட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் கடல் எது, கரை எது என்று எனக்குத் தெரியவில்லை.