சித்தியின் கருணை மனு

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, எங்கள் வீட்டில் கணக்குக்கு மேல் ஒருவர் இருந்தார். அவர் என் சித்தி. ஊழியரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் தவிர வேறு யாரும் அங்கே தங்கக் கூடாது என்பது விதி. அவ்வப்போது அலுவலகத்திலிருந்து யாராவது அட்டையும் பேனாவுமாக வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். “நாங்க நாலு பேருதான் சார்” என்று சொல்ல எனக்கும் தங்கைக்கும் நன்றாகப் பழகியிருந்தது. பொய் சொல்வது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் படித்ததையும் இதையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

சித்தப்பா சிறையில் இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் ஷேர் வேன் ஓட்டியவர். ஆள் ஏற்றுவதில் இன்னொரு வேன்காரரோடு வாய்ச்சண்டை முற்றி, கையில் அகப்பட்ட ஜாக்கிக் கம்பியால் ஒரே ஓர் அடி அடித்துவிட்டார். அந்த மனிதர் மூன்றாம் நாள் இறந்துபோனார். சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை. நூம்பலில் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப்போன சித்தி அங்கே ஒரு மாதம்கூட இருக்க முடியாமல் எங்களிடம் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் பட்டன் தைக்கும் வேலை. ஞாயிறு தவிர எல்லா நாளும் போவார்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் சமூக அறிவியலில் மாநில அரசு என்று ஒரு பாடம் வந்தது. தேர்வுக்காகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு என்ற வரி வந்ததும் கத்தி நின்றது.

“இன்னா சொன்ன? இன்னொரு தபா படி கண்ணு.”

படித்தேன்.

“கவர்னரு நென்ச்சா உங்க சித்தப்பாவ வுட்ருவாரா?”

“புக்குல அப்படித்தான் போட்டிருக்கு சித்தி.”

மறுநாள் பள்ளியில் டீச்சரிடம் கேட்டேன், யாருக்காக என்று சொல்லாமல். டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. ராஜாக்கள் காலத்தில் மன்னிக்கும் உரிமை ராஜாவிடம் இருந்தது, வெள்ளைக்காரர்கள் கப்பலில் அனுப்பிய கவர்னர்களிடம் அது வந்தது, அவர்கள் போன பிறகும் அந்தப் பதவியும் அந்த உரிமையும் இங்கேயே தங்கிவிட்டன என்றார். “ஆனா இப்ப இருக்கிற கவர்னர் தன் இஷ்டத்துக்கு மன்னிக்க முடியாது. மந்திரிசபை சொல்றபடிதான் கையெழுத்துப் போடணும்” என்றும் சொன்னார். முதலில் சொன்னதை மட்டும் வீட்டில் வந்து சொன்னேன். அதுதான் கேட்க நன்றாக இருந்தது.

மனுவை அப்பா எழுதினார். மூன்று தாள் கிழித்துப் போட்டு நான்காவதில் எழுதினார். சித்தி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“கோயி அறுத்தாகூட அந்தாண்ட திரும்பிக்குவாருன்னு எழுதுங்க மாமா.”

“அதெல்லாம் எழுதக் கூடாதும்மா.”

“ஏன், நெசந்தான?”

அப்பா எழுதவில்லை. சிறையில் நன்னடத்தையோடு இருக்கிறார், வெளியே வந்தால் அமைதியாக வாழ்வார் என்று எழுதி, சித்தியிடம் கையெழுத்து வாங்கினார். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட சித்திக்கு வெகுநேரம் ஆனது.

தபாலில் போடச் சொன்னார் அப்பா. சித்தி கேட்கவில்லை. ஒருநாள் வேலைக்கு லீவு போட்டு, வழியில் பெயர்ப்பலகை படிப்பதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு, ரயிலும் பஸ்ஸுமாக மாறி கிண்டியில் ஆளுநர் மாளிகைக்குப் போனார். வாசலில் இருந்த காவலர் நல்ல மனிதர். எங்களை நிழலில் நிற்கச் சொல்லி, மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்று காட்டினார். வாங்கி, முத்திரை குத்திய சீட்டு ஒன்று கொடுத்தார்கள்.

“அவரு உள்ளதான் கீறாரா?” என்று சித்தி காவலரிடம் கேட்டார்.

“இருக்காரும்மா.”

சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு, நடைபாதையில் நின்றபடி கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மனு தக்க நடவடிக்கைக்காக உள்துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. நான்தான் படித்துக் காட்டினேன். “நடவடிக்கை எடுக்கப் போறாங்க சித்தி” என்று அர்த்தமும் சொன்னேன். சித்தி அன்றே ஆவடி மார்க்கெட்டில் சித்தப்பாவுக்கு ஒரு நீலச் சட்டை வாங்கிவந்தார். அளவு தெரியாமல் அப்பாவின் முதுகில் வைத்துப் பார்த்தார். அப்பா அசையாமல் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, சித்தி வேலைக்குப் போயிருந்தார், அம்மா தங்கையோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தோல்பையும் அட்டையுமாக ஒருவர் வந்தார். அப்பா என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அவரோடு தாழ்ந்த குரலில் பேசினார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்:

“இந்த வீட்டுல வேற ஆளுக்கு இடம் இல்ல சார். பொம்பளப் புள்ளைங்க ரெண்டு இருக்கு.”

“அப்படியே எழுதிக்கட்டுமா?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, “எழுதிக்கங்க” என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும், “ஆள் வந்ததைச் சித்திகிட்ட சொல்லாத” என்றார் அப்பா. குடியிருப்பில் கணக்கெடுக்க வந்தவர் என்றே நான் நினைத்தேன். அப்பா எவ்வளவு சாமர்த்தியமாகச் சித்தியை மறைத்துவிட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வந்தவர் நன்னடத்தை அலுவலர். கைதியை விடுவித்தால் வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா என்று விசாரித்து அறிக்கை எழுத வந்தவர். ஒரு கருணை மனு ஆளுநரின் கையெழுத்துக்குப் போகும் முன் எத்தனை மேசைகளையும் எத்தனை வீட்டு வாசல்களையும் கடக்க வேண்டும் என்பதை நான் கல்லூரியில் படித்தபோதுதான் அறிந்தேன். அதை அறிந்த அன்று மாலையே அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார்: செத்துப்போன வேன்காரரின் அண்ணன் ஒருநாள் தொழிற்சாலை வாசலில் அப்பாவை மறித்திருக்கிறார். “உன் தம்பி வெளிய வரட்டும், பாத்துக்கறோம். உனுக்கும் ரெண்டு பொண்ணுங்க கீதுல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். அப்பா அதை அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மனு ஏற்கப்படவில்லை என்று கடிதம் வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. விசாரணை அறிக்கைகளைப் பரிசீலித்ததில் முன்விடுதலைக்கு இடமில்லை என்று இருந்தது. படித்து முடித்தேன். சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு கையெத்து. ஒரே ஒரு கையெத்து. அத்தப் போட அந்தக் கவர்னருக்கு மன்சு வர்லியே. அவரு ஊட்டுல பொண்டாட்டி புள்ள இல்லியா?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பின் சித்தி மாறிப்போனார். தொலைக்காட்சியில் ஆளுநர் எந்த விழாவில் தெரிந்தாலும் எழுந்துபோய் அணைத்துவிடுவார். கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். சிறையில் சித்தப்பாவைப் பார்க்கப் போகும் நாளில்கூடத் தலை வாரிக்கொள்வதில்லை. சித்தப்பாவோ நம்பிக்கையை விட்டபின் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாராம். அடுத்த தவக்காலத்தில், உள்ளேயே மாரடைப்பில் இறந்தார்.

பிற்பகலில் உடலைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கிடத்தினோம். சித்தி அந்த நீலச் சட்டையைக் கொடுத்து உடுத்தச் சொன்னார். மிகவும் பெரிதாக இருந்தது, ஊசி குத்தி இறுக்கினார்கள். குடியிருப்பே வந்து நின்றது. சித்தி அழவில்லை. அப்பாதான் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, “என்னை மன்னிச்சிருடா தம்பி, மன்னிச்சிருடா” என்று திரும்பத் திரும்பக் கதறினார்.

சித்தி அவர் தோளைத் தொட்டார். “நீங்க இன்னா மாமா பண்ணுவீங்க? நீங்கதான எய்திக் குட்த்தீங்க. அந்த மவராசன் மாட்டேன்னுட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். உடம்பு மட்டும் குலுங்கியது. அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிடித்ததாக ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் போலிருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து போய் அவர் காதருகே குனிந்தேன்.

“அப்பா, அன்னைக்கு ஒருத்தர் வந்து எழுதிக்கிட்டுப் போனாருல்ல, அத நான் சித்திகிட்ட இதுவரைக்கும் சொல்லவே இல்லப்பா.”

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அவரைத் தேற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.