அத்தை ஏறிய வள்ளம்

எங்கள் அத்தைக்கு எதைக் கண்டாலும் கேள்விதான். அப்பாவின் தங்கை, மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பு. லீவுக்கு எங்கள் கடற்கரை ஊரான ஆலந்தலைக்கு வரும்போது தலையணை கனத்துக்குச் சமூகக் கோட்பாட்டுப் புத்தகங்களும் கூடவே வரும். ஒரு வழக்கத்தை இயற்கை என்று நம்பவைத்துவிட்டால் போதும், அப்புறம் கைவிலங்கே வேண்டாம். அதைக் கேள்வி கேட்பதில்தான் விடுதலை தொடங்குகிறது என்பாள். "இவ படிச்சு முடிக்கதுக்குள்ள வீட்டுல எதயும் விட்டுவைக்க மாட்டா" என்று அம்மா சிரிப்பாள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த லீவில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. பொம்பளை ஏறினால் வள்ளத்துக்கு மீன்படாது என்பது எங்கள் கரையில் எல்லோரும் அறிந்த சேதி. நானோ ஒரு மத்தியானம், கரையில் கிடந்த அப்பாவின் வள்ளத்தில் யாருக்கும் தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அப்பா வெறும் வலையோடு வந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. ஐயோ, எனக்குச் சோறே இறங்கவில்லை. அத்தையிடம் போய் அழுது கொட்டிவிட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, எல்லா வள்ளமுந்தான் சும்மா வந்திருக்கு. அத்தனையிலயும் நீயா ஏறுன?"

நியாயம்தான். ஆனால் நான் லேசில் விடுகிற பிள்ளை இல்லை. "அப்ப நீ ஏறு அத்தை, பாப்போம்."

அத்தையின் சிரிப்பு நின்றுபோனது. கரைக்குப் போனால் அவள் எந்த வள்ளத்திலும் கைகூடப் படாமல் ஒதுங்கித்தான் நடப்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போனாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவின் கண் முன்னாலேயே வள்ளத்தில் ஏறினாள்.

"அண்ணாச்சி, தங்கச்சி ஏறுதா, பாத்துக்கிட்டு நிக்கேரே!" என்று ஒருவர் கத்தினார்.

"ஏறட்டும்யா. அன்னைக்கே நான் சொல்லிருக்கணும், அவ மேல தப்பில்லன்னு" என்றார் அப்பா. என்னையும் தூக்கி அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்.

மறுநாள் அப்பா கூடை நிறைய ஊளி மீனோடு வந்தார். ஆனால் வள்ளத்தில் ஏறிய அந்தச் சாயங்காலம் அத்தை குலுங்கிக் குலுங்கி அழுததுதான் எனக்கு மறக்கவில்லை. என் வயதில் அவளும் இப்படி ஏறி விளையாடியதும், மறுநாள் கடலுக்குப் போன தாத்தா திரும்பாததும், ஊர் அந்தப் பழியை அவள் தலையில் போட்டதும் அப்போது எனக்குத் தெரியாது. மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு மீன்நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்து, என் பாவாடை நுனியால் அவள் மூக்கைப் பொத்திவிட்டேன்.