அவள் குடித்த சத்துத் தூள்

என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.

அவளுக்கு லூபஸ் என்று டாக்டர் சொன்னபோது, உடம்பில் தெம்பு குறைந்த நோய் என்றுதான் நினைத்தேன். பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள் நாங்கள். காய்ச்சலோ மூட்டுவலியோ, அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான்: சத்து போதவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். எனக்கு வந்ததே கோபம். கூட வேலை செய்தவரிடம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் தூள் ஒரு டின் வாங்கி வந்தேன்.

டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கிறேன் என்றாள். நான் விட்டால்தானே! தினமும் காலையில் எதிரில் உட்கார்ந்து, தம்ளர் காலியாகும்வரை எழ மாட்டேன்.

இரண்டு மாதத்தில் அவள் கால்கள் வீங்கின. நோய் கிட்னியைத் தொட்டுவிட்டது. வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ஒரு தூள் குடிச்சேன் டாக்டர். நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. தூள் குடிக்காமலும் இப்படி ஆகியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நம் உடம்பையே தாக்கக்கூடிய அணுக்கள் எல்லோருக்குள்ளும் கொஞ்சம் உண்டாம். அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே வேறு அணுக்களும் இருக்கின்றனவாம்.

"இவங்க உடம்புல சண்டை போடுற செல்லுங்களுக்குக் குறைச்சல் இல்ல. போதும்னு அடக்குறதுங்கதான் சரியா வேலை செய்யல லா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டின்னைக் குப்பையில் போட்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருக்கலாம். அந்தத் திட்டுக்குத்தான் இன்றைக்கு ஏங்குகிறேன். மன்னிப்புக் கேட்க நாள் இருக்கிறது என்று நானும் தள்ளிப்போட்டேன். நாள் இல்லாமல் போய்விட்டது.

போன மாதம் எஸ்டேட் கோயில் கூட்டத்தில், பந்தல் எங்கே போடுவது என்று என்னைவிட இளையவர் ஒருவரோடு வாய்த்தகராறு. நான் கையை ஓங்கிவிட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் அவள் பின்னாலிருந்து என் சட்டையை மெல்ல இழுப்பாள். உடனே நான் கையை இறக்கிவிடுவேன். அன்றும் ஓங்கிய கையோடு அந்த இழுப்புக்காகக் காத்து நின்றேன். யாரும் இழுக்கவில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன்.

எதிரில் நின்றவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அங்கே பெண்கள் யாரும் இல்லை.