குறிக்குத் தொங்கவிட்ட தகடு

பிலோமி இருபத்திரண்டு வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு படிந்து கிடக்கும் சரத்தில் காய்க்கும். குந்தி உட்கார்ந்து, சருகை விலக்கி, விரலால் தடவித்தான் எடுக்கவேண்டும். அதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோக, போன வருஷம் போடிமெட்டு வழியிலுள்ள ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

விடுதிக்கு வருகிறவர்கள் பொழுதுபோக்காக ஏர்கன் சுடுவார்கள். அவர்களுக்குக் குறி வைத்துக்கொடுப்பது அவள் வேலை. பாறையில் வைத்தால் குண்டு தெறித்துத் திரும்பி வரும். மரத்தில் அடித்தால் மரம் புண்ணாகும். இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டாள். மண்மேடு பின்னால் இருக்கும்படி பார்த்து, அட்டையில் கரியால் வட்டம் போட்டு வைப்பாள். பால் கவரில் மணல் நிரப்பிக் கட்டுவாள். அழுகின பேஷன் பழத்தை வரிசையாக அடுக்குவாள்.

வருகிறவர்களுக்கு அது போதவில்லை. "மலையணில் வருமா?" என்று ஒருவன் கேட்டான், சாப்பாட்டில் இன்னொரு கறி உண்டா என்று கேட்பதுபோல. வாயில் கோழிக்கால்.

மேனேஜர் ஷிஜு அவள் குடியிருந்த லயத்தில், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்த பையன்தான். "பாட்டில் வைங்கக்கா. ஒடைஞ்சாத்தான் அவங்களுக்குச் சுட்ட மாதிரி இருக்கு."

"ஒடைஞ்சது எங்க போகுது? சரிவுல உருண்டு தோட்டத்துக்குள்ள போகுது. போன மாசம் வச்சதுல பின்சி வெரல்ல நாலு தையலு."

"பொறுக்கிட்டாப் போச்சு."

"சருகுக்குள்ள கெடக்கறத உங்கப்பனா வந்து பொறுக்குவாரு?"

பின்சி அவள் தங்கை. விடுதிக்குக் கீழேயுள்ள அந்தத் தோட்டத்தில் இன்னும் காய் எடுக்கிறாள்.

"சத்தம் வேணும், அவ்வளவுதான? நான் பார்த்துக்கிடறேன்" என்றாள் பிலோமி.

விடுதியின் பழைய சாமான் அறையில் ஒரு வட்டத் தகடு கிடந்தது. அதைக் கம்பியில் கட்டி, குண்டு கீழே விழும்படி முன்பக்கமாகச் சாய்த்து, பின்னால் சாக்குப் படுதா விட்டுத் தொங்கவிட்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு முதல் குண்டு பட்டது. கணீர் என்ற சத்தம் பள்ளம்வரை போனது. கைதட்டினார்கள். பிலோமிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நிமிஷத்தில் கீழிருந்து பெண்கள் ஏறி வந்தார்கள். முதுகில் காய்ச்சாக்கு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். விடுதி வேலிக்கு அந்தப் பக்கம்தான் எடை போடும் கொட்டகை.

"என்னக்கா, வெயிலு சாயறதுக்குள்ள மணியடிச்சிட்டாங்க?" என்றாள் பின்சி. "கங்காணிக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?"

பிலோமிக்கு அப்போதுதான் உறைத்தது. மர நிழலுக்குள் வெயில் தெரியாது. கொட்டகையில் கங்காணி தட்டும் தகட்டுச் சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. அவளும் இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான் இடுப்பை நிமிர்த்தினாள். எப்படி மறந்தாள்?

இன்னும் நேரமாகவில்லை என்று கங்காணி ஏசுதாஸ் கொட்டகையிலிருந்து கத்தினார். பெண்கள் முனகிக்கொண்டே திரும்பி இறங்கினார்கள்.

"டேய், நீ சுட்டதுக்கு வந்தாங்கடா" என்றான் கோழிக்கால்காரன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு அடி, பார்க்கலாம்."

கணீர்.

பாதிச் சரிவில் மூன்று பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பின்சியும் நின்றாள். மேலே சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தான்.

"அக்கா, இது ஜோரா இருக்கு" என்று ஷிஜு காதருகே சொன்னான். "டெய்லி வச்சுக்கலாம்."

பிலோமி அவன் முகத்தைப் பார்த்தாள். பச்சைக்குழந்தையாய் இருந்தபோது அவள் துடைத்துவிட்ட மூக்கு. துப்பவேண்டும்போல வந்த எச்சிலை விழுங்கிவிட்டு, போய்க் கம்பியை அவிழ்த்துத் தகட்டை இறக்கினாள்.

"அப்ப பாட்டில்தான் வைக்கணும்" என்றான் ஷிஜு.

"வைக்கிறதுன்னா நீயே வச்சுக்க. நான் காய் எடுக்கப் போறேன். எங் கையும் இனி அந்தச் சருகுக்குள்ளதான் இருக்கும். பார்த்து வை."

தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலிக்கிற காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து இறங்கினாள். பின்சி நகர்ந்து இடம் விட்டாள். பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினாள். சருகை விலக்கினாள். விரலில் முதலில் பட்டது பச்சை நிறக் கண்ணாடித் துண்டு. அதை எடுத்துத் தகட்டின்மேல் வைத்துவிட்டு, அடுத்த தூருக்குக் கையை நீட்டினாள்.

மேலே பாட்டில் உடைந்தது.