புளி போட்டுத் தேய்த்த கிராமபோன்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வருடம் அது. எலவனாசூர்கோட்டைக்கு அப்பால் பஸ் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தாவின் கடையும் பாதி ஷட்டர் இறக்கித்தான் கிடந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் கடை. ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு குழாய் கிராமபோன்தான். 'அசல் கம்பெனி மிஷின்' என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பழைய சாமான் வாங்கும் சென்னை வியாபாரி ஒருவர் பஸ் இல்லாமல் எங்கள் ஊர் லாட்ஜில் மாட்டிக்கொண்டார். கிராமபோனைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். நல்ல கைக்குப் போனால் கொடுத்துவிடலாம் என்று அத்தாவும் நினைத்தார். வெளியூர்க்காரர் வரும்போது மிஷின் அழுக்காக இருக்கலாமா? பித்தளைக் குழாயைக் கழற்றி, அண்டா குண்டானோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். தங்கம் மாதிரி மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

வந்தவர் பார்த்ததும் சிரித்தார். "இன்னா பாய், நேத்து செஞ்சதாட்டம் கீது! டுப்ளிகேட்ட வெச்சிக்கினு இத்தினி வருஷமா ஊர ஏமாத்திக்கினு இருந்தியா?"

வேலையில்லாத கடைவீதி மொத்தமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அத்தா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேய்த்தது நான், பழி அவருக்கா?

"புளி போட்டுத் தேச்சது நானுங்க. அது என் தப்பு. கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

"உனுக்கு இன்னாமா தெரியும்?"

சின்ன வயதிலிருந்து அந்த மிஷினுக்கு எண்ணெய் போட்டவள் நான். திருப்புளியை எடுத்து, குழாயைத் தாங்கும் இரும்புக் கையைக் கழற்றினேன். அதற்கு அடியில் பெட்டியின் மரம், அந்தக் கையின் அளவுக்கு மட்டும், வெளிச்சமே படாத நிறத்தில் இருந்தது. வேறு கையை மாற்றியிருந்தால் பழைய திருகாணித் துளை காட்டிக்கொடுத்திருக்கும். இந்தக் கையின் துளைகளைத் தவிர வேறு ஒரு துளைகூட இல்லை. குழாயின் கழுத்துக்குள், என் விரல் எட்டாத இடத்தில், பழைய கறுப்பு அப்படியே படிந்திருந்தது.

"ஸ்பிரிங்கு மாத்துனது. கைப்பிடி லேத்துல செஞ்சது. மத்ததெல்லாம் வாங்கின அன்னிக்கு இருந்ததுதாங்க" என்றேன்.

உடனே வியாபாரியின் குரல் மாறியது. "சரிம்மா, நானே எடுத்துக்கிறேன்."

"மொதல்ல எங்க அத்தாகிட்ட மன்னிப்பு கேளுங்க."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பஸ்தான் ஓடவில்லையே, எவ்வளவு தூரம் போய்விடுவார்? லாட்ஜிலிருந்து டீக்கடைக்கு எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மூன்று நாளும் அவர் தலை தெரிந்தால் போதும், சாவி கொடுத்து ஓர் இசைத்தட்டை ஓடவிடுவேன்.

நாலாம் நாள் மரங்களை அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஏறப் போகும் வழியில் பெட்டியோடு கடைக்குள் வந்தார். "பாய், மிஷின் ஒரிஜினல்தாங்க. தப்பாப் பேசிட்டேன்."

"அதத்தான் எம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சே" என்றார் அத்தா, மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே. மிஷினை அவருக்குக் கொடுக்கவில்லை.

தப்பு செய்துவிட்டேன் என்பதற்காக உண்மையைப் பேசும் உரிமை எனக்கு இல்லாமல் போய்விடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இன்றுவரை அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.