சித்தி பதினோரு தடவை அடித்த விண்ணப்பம்

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தைப் படித்து, ஹைபன் விட்டுப்போன இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிடுகிற ஆள் நான். போன வருஷம் மாப்பிள்ளையின் அப்பா எதிரே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டேன். வந்தவுடன் ‘அவசியம் வரணும்’ என்று சொன்னவர், போகும்போது அதைச் சொல்லவில்லை.

இந்த வியாதி எனக்குப் பத்து வயதில் பாலக்கோட்டில் தொற்றியது. எழுபதுகளின் தொடக்கம். தக்காளி மண்டிக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். சித்தி அங்கே படித்தாள். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாதென்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை உலகத்திடமிருந்து காப்பாற்றும் பொறுப்பு, பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த என்னிடம் இருந்தது.

நான் காவல் காத்த லட்சணம், பெஞ்சில் பாதித் தூக்கம். ஆறு மிஷின்களும் ஒன்றாகத் தட்டும்போது தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் படுக்க வைக்கும். கீழேயிருந்து தக்காளி வாசனை மெதுவாக ஏறி வரும். இன்றைக்கும் ஆங்கிலம் என்றால் எனக்கு லேசாகத் தக்காளி வாசனை அடிக்கும்.

அந்த ஆடி மாதம் சித்திக்கு ஒரே காரியம்தான். மெட்ராஸில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் ஆவணியில் காரிமங்கலத்து மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். அந்த மாமன் மகனை எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் எல்லோர் முன்னாலும் பெல்ட்டைத் தளர்த்துவார்.

விண்ணப்பம் ஒரு பக்கம்தான். ஆனால் டைப் மாஸ்டர் அதைப் போக விடவில்லை. ஒல்லியான இளைஞர், காதில் சிவப்புப் பென்சில். சித்தி தாளை நீட்டுவாள், அவர் வட்டம் போடுவார்.

“ஃபுல் டைம் போஸ்ட்டுங்க. நடுவுல கோடு எங்க?”

“நேத்து வேண்டாம்னீங்களே சார்.”

“நேத்து ‘ஐ கேன் வொர்க் ஃபுல் டைம்’னு கடைசில இருந்துச்சு. அங்க தனித்தனியா நிக்கலாம். இங்க பின்னாடி ஒரு போஸ்ட் வருதில்லீங்களா? ரெண்டும் சேர்ந்து அதைத் தூக்கணும்.”

“அப்ப ‘ஹைலி ரெஸ்பெக்டட் ஃபேமிலி’க்கு நான் போட்ட கோட்டை மட்டும் ஏன் அடிச்சீங்க? அங்கயும் பின்னாடி ஃபேமிலி வருதே!”

“முன்னாடி நிக்கிற வார்த்தை ‘ஹைலி’ மாதிரி லி-ல முடிஞ்சா கோடு தேவையில்லீங்க.”

“உங்களுக்கு நாளுக்கொரு சட்டம்.”

“மறுபடி அடிச்சு நாளைக்குக் கொண்டாங்க.”

இப்படிப் பத்து நாள். இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள் என்று நான் முடிவு கட்டினேன். சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே ஜன்னலில் நின்று மண்டியில் கூடை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது களைப்பு என்று நினைத்தேன்.

பதினோராவது தாள் வந்தபோது கடைசித் தேதிக்கு மூன்றே நாள். சித்தி கையெழுத்தும் போட்டிருந்தாள். மாஸ்டர் தேடித் தேடி ஒரே ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்: ‘வெல் நோன் ஸ்கூல்’. நல்லவேளை, பென்சிலை நான் கடித்துக்கொண்டிருந்ததால் விரலால் மட்டும் தொட்டுக் காட்டினார்.

“சரிங்க, நாளைக்கு அடிச்சுட்டு வரேன்,” என்றாள் சித்தி. கோபமே இல்லை. இரண்டு பேரும் ஜன்னலுக்குப் போனார்கள். வெளியே தூறல்.

எனக்குக் காரிமங்கலத்து பெல்ட் கண்ணில் ஆடியது. தாளை மிஷினில் மாட்டினேன். இரண்டு வார்த்தைக்கு நடுவே ஓர் எழுத்து இடம் காலியாகத்தானே இருக்கிறது? உருளையைத் திருகி, அந்த இடத்துக்கு நகர்த்தி, ஒரே ஒரு தட்டு. கோடு கச்சிதமாக உட்கார்ந்தது. சித்தியின் பையில் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பத்து நாளாகக் காத்திருந்த கவரில் தாளை வைத்து ஒட்டினேன். படியிறங்கி, மண்டி வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

செய்ததைச் சொன்னேன். சித்தி பையைத் திறந்து கவரைத் தேடினாள். மாஸ்டர், “அப்படிப் போடலாம்னு எனக்கும் தெரியும் கண்ணு,” என்றார்.

தெரிந்தும் செய்யவில்லையென்றால் எவ்வளவு பெரிய சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். சித்தி வழி நெடுக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னது நான்தான்.

வேலை கிடைத்தது. சித்தியை ஏற்றிக்கொண்டு பஸ் மண்டியைத் தாண்டியபோது, மேலே தட்டும் சத்தம் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி ஆரம்பித்தது.

சித்தி பின்னால் மெட்ராஸிலேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு விஷயம் புரிய எட்டு வருஷம் ஆயிற்று. புரிந்த நாளிலிருந்து, இரண்டு பேரைப் பிரித்த பாவி என்று மனதுக்குள் ஒரு சோகத்தை வைத்துக் கால் நூற்றாண்டு வளர்த்தேன். போன பொங்கலுக்கு, சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கண் கலங்க மன்னிப்புக் கேட்டேன். அவள் விரல்கள் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி ஆரம்பித்தன.

“அடி போடி. அந்த மனுசனைக் கட்டியிருந்தா என் ரசத்துக்கும் தெனம் வட்டம் போட்டு, ‘மறுபடி வெச்சு நாளைக்குக் கொண்டாங்க’ன்னிருப்பாரு.”